தலைக்கவசத்தைப் பற்றி நாம் முடிக்காத சண்டை

காலையில் நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், பின்பக்கக் கொடியில் என் மகள் மதியின் ஹெல்மெட்டுக்குள் வைக்கும் பஞ்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. நேற்று மாலை ஆட்டம். சோப்புப் போட்டுத்தான் அலசியிருக்கிறாள். ஆனாலும் அந்த வாடை போகவில்லை. ஈர ரப்பரும் புளித்த வியர்வையும் சேர்ந்த வாடை. உன் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினால், உள்ளே கிடக்கும் பிள்ளைகளின் ஹெல்மெட்டிலிருந்து இதே வாடைதான் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு நான் திட்டுவேன். "அத்தன பொண்ணுங்க தலை இதுக்குள்ள போயிருக்கு, மல்லிப்பூ வாசமா வரும்?" என்பாய்.

படுத்துப் பார்த்தேன். இரவெல்லாம் நின்ற கால் கடுக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. எழுந்துபோய்ப் பஞ்சுகளைத் திருப்பிப் போட்டேன். டீக்குத் தண்ணீர் வைத்தேன், கொதிப்பதற்குள் அடுப்பை அணைத்தேன். உன்னிடம் பேசாமல் இன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளாது என்று தெரிந்துவிட்டது. நீ இதைப் படிக்கப்போவதில்லை. படித்தாலும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

மதியை ஸ்கேட்டிங்கில் சேர்த்த புதிதில், தளத்துக்கு வெளியே இருக்கும் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து காத்திருப்பேன். அங்கே பெரிய பெண்கள் ஆடுவதற்கு ரோலர் ஹாக்கி என்று பெயர் என்பதுகூட எனக்குத் தெரியாது. காலில் சக்கரம், கையில் வளைந்த குச்சி, தரையில் கல் மாதிரி ஒரு ரப்பர் பந்து. நடுவில் விசிலும் கையுமாக நீ. என் வயதுதான் இருக்கும், ஆனால் முதுகை வளைத்துச் சறுக்கிக்கொண்டு போவதில் அந்தப் பெண்கள் யாரும் உனக்கு ஈடில்லை.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அப்போதுதான் சக்கரம் கட்டிய சின்னப் பிள்ளைகள் எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. ஆட்டத்துக்கு இறங்கும் பெரிய பெண்களுக்கு வெறும் தலை. கோல்கீப்பர் மட்டும்தான் முகத்துக்குக் கம்பி வலை போட்டிருந்தாள். பயிற்சி முடிந்ததும் உன்னிடம் வந்து கேட்டேன்.

"மேடம், ஆடறவங்களுக்கு ஹெல்மெட் கெடையாதா?"

"தானா வுழறவளுக்கு காஸ்க் வேணும். ஆடறவளுக்குக் கண்ணு வேணும்," என்றாய். ஹெல்மெட்டை நீ பிரெஞ்சில் காஸ்க் என்றுதான் சொல்வாய். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அது காஸ்க்தான்.

"நான் கேஷுவாலிட்டில நர்சு மேடம். தலையில அடிபட்டு வர்றவங்கள தெனம் பாக்கறேன்."

"நானும் பாத்திருக்கேன் சிஸ்டர்." குச்சிகளைப் பொறுக்கப் போய்விட்டாய்.

அன்று எனக்கு வந்த கோபம்தான் நம் சிநேகிதத்துக்குப் பிள்ளையார் சுழி. மறுநாளும் வந்து கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். சிஸ்டர் என்றது கலா ஆயிற்று, மேடம் என்றது நீ ஆயிற்று. உன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், உன் சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அங்கே ஒரு மலை ஊருக்குக் குடிபோய்விட்டார், அங்கே பனிக்கட்டித் தளத்தில் நீ ஐஸ் ஹாக்கி ஆடி வளர்ந்தாய், பிறகு ஊர் திரும்பிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அம்மா போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாய் என்பதெல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். காலையில் பிரெஞ்சு வகுப்பு எடுப்பாய், மாலையில் இந்தப் பெண்களோடு இருப்பாய். ஏன் ஐஸ் ஹாக்கியை விட்டாய் என்று கேட்டால் மட்டும், "குளிரு," என்று சிரித்து மழுப்புவாய்.

நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு உன் ஸ்கூட்டரில்தான் என்னைக் கொண்டுவந்து விடுவாய். வழியெல்லாம் சண்டைதான். நம் ஊர்க்காரர்கள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வருவார்கள், சிக்னலில் போலீஸ் தலை தெரிந்தால் தங்கள் தலைக்கு ஏற்றுவார்கள். நீ அப்படியில்லை, தெருமுனைக் கடைக்குப் போனாலும் வாரைப் பூட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவாய். ஒருநாள் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க மட்டும் எதுக்குப் போட்டுனு வர்ற?"

"ரோடு வேற கலா. லாரிக்காரன் என் மொகத்தப் பாத்தா ஓட்டறான்? ஆட்டத்துல அப்படி இல்ல. எதிர்ல வர்றவ மொகத்தப் பாத்துதான் எவ்ளோ வேகமா போலாம்னு நான் முடிவு பண்றேன்."

உன் மலை ஊரில் வயசான ஆட்டக்காரர்கள் சொல்வார்களாம். முன்பு தலையில் ஒன்றும் இல்லாமல்தான் ஆடினார்களாம், அப்போது குச்சி இடுப்புக்கு மேலே வராதாம். எல்லோரும் காஸ்க் போட ஆரம்பித்ததும் குச்சி நெஞ்சுக்கு வந்ததாம், தோளுக்கு வந்ததாம்.

"அந்தக் காலத்துல மண்டை ஒடைஞ்சவன் கதை சொல்ல உக்காந்துனு இருக்கமாட்டான். தப்பிச்சவன்தான் உனக்குக் கதை சொல்லியிருக்கான்," என்றேன்.

நீ வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாய். "இது பாயிண்டுதான்," என்றாய். ஆனால் மாறவில்லை.

மதியோடு ஸ்கேட்டிங் பழகிய ரிஸ்வானாவுக்கு அடிபட்ட அன்றுதான் நீ மாறினாய். மதியும் ரிஸ்வானாவும் பெரிய பெண்களோடு ஆட ஆரம்பித்திருந்த சமயம். யாரோ அடித்த பந்து எகிறி ரிஸ்வானாவின் புருவத்தைப் பிளந்தது. நான் அங்கேயே இருந்தேன். துப்பட்டாவைச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு உன் வண்டியில் நடுவில் அவளை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தையல் போட்டார்கள். செருப்புக் கடையைப் பாதியில் மூடிவிட்டு அவள் அப்பா நசீர் பாய் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய்.

"மேடம், கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். பொம்பளப் புள்ள மேடம்," என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். ஆஸ்பத்திரியில் பார்த்த தலைகளைப் பற்றிச் சொன்னேன், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு. நீ குறுக்கே பேசவில்லை. "சரி, எல்லாருக்கும் வாங்கிடலாம்," என்றாய். சென்னைக்குப் பஸ்ஸில் போய் நீயே பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தாய். வெள்ளை ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி வலை. ஒவ்வொரு பெண்ணுக்கும் நீயே வாரை இழுத்துப் பூட்டினாய், விரல் விட்டு இறுக்கம் பார்த்தாய். பூட்டி முடித்ததும் அந்தக் கம்பிக்குள் எட்டிப் பார்த்தாய். நான் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஆட்டம் ஒரேநாளில் மாறவில்லை. முதலில் ஒருத்தியை ஒருத்தி தலையில் தட்டிச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு முழங்கை வந்தது. குச்சிகள் உயர்ந்தன. சுவரோரம் பந்துக்குப் போகிறவளை நெருக்கி நசுக்குவது வழக்கமாயிற்று. உன் விசில் சத்தம் அடிக்கடி கேட்டது.

"வயசு ஏறுதில்ல, வேகம் வந்திருக்கு," என்றேன் நான்.

"இது வேகம் இல்ல கலா. தைரியமும் இல்ல. வேற என்னமோ."

தலையில் யாருக்கும் ஒரு காயம்கூட இல்லை. அதைச் சொல்லிக்காட்டினேன். ஒருத்திக்குத் தோள்பட்டை, இன்னொருத்திக்கு முட்டி என்று நீ சொல்லிக்காட்டினாய்.

அப்புறம் அந்த மாலை. வெளியாட்கள் யாரும் இல்லை, நம் பெண்களே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். ரிஸ்வானா ஒரு பக்கம், மதி ஒரு பக்கம். சுவரோரம் நின்ற பந்தை எடுக்க ரிஸ்வானா குனிந்தாள். பின்னாலிருந்து மதி வந்தாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ரிஸ்வானாவின் ஹெல்மெட் சுவரில் மோதிய சத்தம் படியில் இருந்த எனக்குக் கேட்டது. கை அடியில் மாட்டிக்கொள்ள அவள் விழுந்தாள்.

நான் எழுந்து ஓடுவதற்குள் நீ போய்விட்டாய். "அசையாத, தலையத் திருப்பாத," என்று இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாய். எங்கள் கேஷுவாலிட்டியில் சொல்லிக்கொடுக்கிற அதே பிடி. இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பதற்றத்திலும் எனக்குத் தோன்றியது. கழுத்துக்கு ஒன்றும் இல்லை. மணிக்கட்டுதான் வளைந்து கிடந்தது. ஹெல்மெட்டில் லேசான சுண்ணாம்புத் தடம் தவிர ஒரு கீறல் இல்லை.

மதி தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஏண்டி இடிச்ச?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அவ ஹெல்மெட் போட்டிருந்தா இல்லம்மா. ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி. முகத்தில் ரத்தம் இல்லை. பிரஷராக இருக்கும் என்று நான் உன் நாடியைப் பிடித்தேன். கையை உதறிக்கொண்டாய்.

ரிஸ்வானாவுக்கு மாவுக்கட்டுப் போட்டு நசீர் பாயோடு அனுப்பிவைத்த பிறகு, கடற்கரைக்கு வா என்று என்னை அழைத்தாய். இருட்டிவிட்டிருந்தது. கருங்கற்கள் மேல் ஜனங்கள் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். நாமும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னாய்.

அந்த மலை ஊரில் ஓர் ஆட்டம். பனித்தளத்தைச் சுற்றியிருந்த பலகைத் தடுப்போரம் நீ குனிந்திருந்தாய். எதிர் அணிப் பெண் ஒருத்தி முழு வேகத்தில் பின்னாலிருந்து வந்து இடித்தாள். கழுத்தெலும்பில் விரிசல். மூளை குலுங்கியதில் மாதக்கணக்கில் வெளிச்சம் ஆகாது, ஜன்னலை மூடிய அறையில் படுத்துக் கிடந்தாய். உன் அம்மாவின் குரல்கூட வலித்ததாம்.

"ஆஸ்பத்திரிக்கு அந்தப் பொண்ணு வந்தா கலா. ஒரே அழுகை. என்ன சொன்னா தெரியுமா? நீ காஸ்க் போட்டிருந்த, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்னா. கெட்டவ இல்ல அவ. மதி மாதிரிதான். என் மொகம் அவளுக்குத் தெரியல, கம்பிதான் தெரிஞ்சிருக்கு. என் காஸ்க்ல ஒரு கீறல் இல்ல."

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் நான் நான்தானே, சொல்லிவிட்டேன்: "இன்னிக்கு ரிஸ்வானா தலை சுவத்துல மோதினத நான் பாத்தேன். ஹெல்மெட் இல்லன்னா மாவுக்கட்டோட போயிருக்காது."

"காஸ்க் இல்லன்னா மதி இடிச்சிருக்கவே மாட்டா."

அந்த மாலையை ஹெல்மெட் இல்லாமல் இன்னொரு முறை நடத்திப் பார்க்க முடியாதே. முடிந்திருந்தால் யாராவது ஒருத்தர் வாயை மூடியிருப்போம்.

மறுநாள் ஹெல்மெட்டை எல்லாம் கழற்றச் சொல்வாய் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக வந்தேன். நீ கழற்றச் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும் என்றாய். எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அவள் பெயரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அதன்பிறகுதான் தலையில் மாட்ட வேண்டும். பின்னாலிருந்து இடிப்பவள் அன்றைக்கு முழுவதும் வெளியே. அவள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும். ரிஸ்வானாவின் கட்டுப் பிரிக்கும்வரை மதிக்கு ஆட்டம் இல்லை. தினமும் காலையில் பாய் வீட்டுக்குப் போய் ரிஸ்வானாவுக்குத் தலை பின்னிவிட வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. முதல் நாள் மதி அழுதுகொண்டே போனாள். பிறகு அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

விழுப்புரத்தில் ஒரு போட்டியில் நம் அணியின் நல்ல ஆட்டக்காரியை நீயே கையைப் பிடித்து வெளியே உட்காரவைத்தாய். அவள் பின்னாலிருந்து இடித்ததை நடுவர் பார்க்கவில்லை, நீ பார்த்துவிட்டாய். தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பெற்றவர்கூட உன்னிடம் பேசவில்லை. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாய்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் ஒரு காலை, நான் டியூட்டியில் இருக்கும்போது, ட்ராலியில் உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வகுப்புக்குக் கிளம்பியவள் வாசலிலேயே விழுந்துவிட்டாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னாயாம். என் கை தானாக வேலை செய்தது. ஊசி ஏற்றினேன், சட்டையை வெட்டினேன், உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர், மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார். மறுநாள் நீ இல்லை.

அவரை விடாமல் கேட்டேன். "சார், இவங்களுக்குப் பழைய அடி உண்டு. ஐஸ் ஹாக்கில பட்டது. அதனாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாது சிஸ்டர். இது யாருக்கு வேணா வரும்."

நல்ல டாக்டர். பொய் சொல்லமாட்டார். நான் நம்புகிறேன், பெரும்பாலும். ஆனால் யாருக்காவது மருந்து கலக்கிக்கொண்டிருக்கும்போது, நான் பார்த்தே இராத அந்தப் பனித்தளம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. கை நின்றுபோகிறது. பக்கத்தில் இருப்பவள், "என்னக்கா?" என்கிறாள்.

உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு, போன மாதம் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஒரு பக்கம், "மேடமே ஹெல்மெட் வேணாம்னுதான சொன்னாங்க? வெயிலுக்குப் புள்ளைங்க வேர்த்துக் கொட்டுது, கழட்டிடலாம்," என்றார்கள். இன்னொரு பக்கம், "ஹெல்மெட்டுதான் இருக்கே, அப்புறம் எதுக்கு வெளிய ஒக்கார வெக்கிறது? அந்த ரூல எடுத்துடலாம்," என்றார்கள். நீ சொன்னதில் பாதியை ஒருத்தரும் மீதியை இன்னொருத்தரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதான் அவங்க கூடவே இருந்தீங்க. அவங்க இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

எழுந்து நின்றேன். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ரிஸ்வானாவின் புருவத்தைப் பற்றிச் சொன்னேன். மதி இடித்ததைச் சொன்னேன், அவள் அங்கேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். உன் கழுத்தைப் பற்றியும் சொன்னேன். அதை யாரும் அறிந்திருக்கவில்லை. உன் அனுமதி இல்லாமல் சொன்னதற்கு என்னைத் திட்டிக்கொள். நசீர் பாய்தான் முடித்துவைத்தார். "ரெண்டும் இருக்கட்டும். தலைக்குக் காப்பும் இருக்கட்டும், மேடம் ரூலும் இருக்கட்டும்."

சரி, யார் விசில் ஊதுவது என்று கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு அதே தெருவில் எப்படிக் குடியிருப்பது? நான் ஊதுகிறேன் என்றேன். சக்கரத்தில் நிற்கக்கூடத் தெரியாது எனக்கு. விதிகளை ரிஸ்வானாவிடம் பாடம் கேட்டேன். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தளத்தின் ஓரத்தில் ஓடுகிறேன், பெண்கள் சிரிக்கிறார்கள்.

நேற்று கடலூரிலிருந்து ஒரு அணி வந்திருந்தது. ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. முடியப் போகிற நேரம், கடலூர்ப் பெண் ஒருத்தி பந்தோடு சுவரோரம் தப்பித்துப் போனாள். மதி துரத்தினாள். அவளுக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணின் முதுகுதான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நான் மூச்சு விடவில்லை. கை தொடும் தூரத்தில் மதி சக்கரத்தைக் குறுக்கே திருப்பி நிறுத்தினாள். அந்த வேகத்தில் நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். தலை தரையில் மோதியது. அந்தப் பெண் போய் கோல் போட்டாள். தோற்றோம்.

"லேசா இடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்," என்று என் பின்னால் யாரோ ஒரு அப்பா முணுமுணுத்தார்.

மதி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், கேள்விகள் கேட்டேன், எல்லாம் சரியாக இருந்தது. டியூட்டிக்குக் கிளம்பும்போதுதான் கேட்டேன், ஏன் நிறுத்தினாய் என்று. ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே யோசித்தாள்.

"தெரியலம்மா. அவ பேரு கீர்த்தனா."

உனக்கு இது போதும். ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, பாத்தியா கலா என்று கேட்டிருப்பாய். நானும் விடமாட்டேன். என் பெண்ணின் தலை சிமெண்டில் மோதிய சத்தத்தை நான் கேட்டேன், ஹெல்மெட் இருந்தது, அதனால்தான் லேஸை அவிழ்த்துக்கொண்டு பதில் சொல்கிறாள் என்பேன். நீ, அந்தச் சனியன் இருக்கிற தைரியத்தில்தான் அவ்வளவு வேகமாகத் துரத்தினாள் என்பாய். அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. உன்னிடமும் இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் இரண்டு பேருக்குமாக நானே பேசிக்கொண்டிருக்கிறேன். முன்பு எனக்கு என் பக்கம் மட்டும்தான் தெரியும், நிம்மதியாகத் தூங்கினேன்.

வேலையிலும் இது வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்து வருகிறவர்களை முன்பெல்லாம் தட்டிக்கொடுத்து அனுப்புவேன். இப்போது கட்டுப் போட்டுக்கொண்டே கேட்கிறேன், "யார் மேல இடிச்சீங்க? அவங்க எங்க?" அவர்கள் விழிக்கிறார்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சிலர், பக்கத்துக் கட்டில் என்று கையைக் காட்டுகிறார்கள். நான் அந்தக் கட்டிலுக்குப் போகிறேன்.